அத்தியாயம் 7: முதலில் பரபக்கம்

நவி மும்பையின் நெருளில் டிபிஎஸ் பள்ளியை ஒட்டிக் கிடக்கும் நீர்ப்பரப்பை ஏரி என்று அழைப்பதே தவறு என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நவி மும்பை தானாக வளர்ந்த ஊரில்லை. மும்பையின் நெரிசலைக் குறைப்பதற்கென்றே 1970இல் சிட்கோ என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி, வயலும் உப்பளமும் சேறுமாகக் கிடந்த கரையைக் கையகப்படுத்தி, செக்டர் செக்டராகப் பிரித்துக் கட்டிய நகரம் அது. கட்டுவதற்கென்று எடுத்த நிலத்தில் அலை ஏறும்போது கடல்நீர் புகுந்து தேங்குகிறது. தேங்கிய நீரில் பாசி வளர்கிறது. பாசியைத் தேடிப் பூநாரைகள் வருகின்றன. பறவை வந்து இறங்கிவிட்டதாலேயே மனைநிலம் ஈரநிலமாகிவிடும் என்றால், இந்தக் கரையில் நாளைக்கு எந்தக் குழியைத்தான் தொட முடியும்? இன்று பறவைக்காகப் பதாகை பிடிப்பவர்களின் ஃபிளாட்டுகளும் நேற்று இதே மாதிரிச் சேற்றின் மேல் எழுந்தவைதானே?

நான் அந்தக் கட்சியில் இல்லை. அந்த நீர் அங்கே இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் மேலே உள்ள பத்தியை, அந்தத் தரப்பில் ஒருவர் படித்தால் ‘ஆமாம், இதைத்தானே சொல்கிறோம்’ என்று தலையாட்டும்படி எழுதப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதுவதால் என்ன லாபம், எந்த இடத்தில் அது நட்டமாக முடியும் என்பதுதான் இந்த அத்தியாயம். இதை நாகரிகம், பண்பாடு சார்ந்த விஷயமாக மட்டும் நினைப்பவர்கள் அதிகம். ஆனால் உளவியலாளர்கள் எண்பது ஆண்டுகளாக இதை அளந்து பார்த்து வருகிறார்கள்.

அளக்கத் தொடங்கியது ராணுவம். 1945இல் ஜெர்மனி விழும் தறுவாயில் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு கவலை வந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்ததும் சிப்பாய்கள் ஊருக்குப் போகும் நினைப்பில் தளர்ந்துவிட்டால், ஜப்பானோடு மிச்சமிருக்கும் போரை யார் நடத்துவது? அந்தப் போர் இன்னும் இரண்டு ஆண்டாவது நீளும் என்று அவர்களை நம்பவைக்க வேண்டும். கார்ல் ஹாவ்லண்ட் என்ற உளவியலாளரின் குழு இரண்டு வானொலி உரைகளைத் தயாரித்தது. ஒன்று ஜப்பானின் பலத்தை மட்டும் சொன்னது. மற்றது அதையெல்லாம் சொல்லிவிட்டு, போர் சீக்கிரம் முடியலாம் என்று எண்ணவைக்கும் செய்திகளையும் ஊடே சேர்த்தது: நம் கடற்படை வலுவானது, ஜப்பானுக்குத் துணை யாருமில்லை என்பது போல.

மொத்தக் கணக்கில் இரண்டு உரையும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. ஆனால் கேட்டவர்களை வகை பிரித்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. போர் நீளும் என்று முன்பே நம்பியவர்களிடம் ஒருபக்க உரை நன்றாக வேலை செய்தது. சீக்கிரம் முடியும் என்று நம்பியவர்களிடம் இருபக்க உரை வேலை செய்தது. பள்ளிப்படிப்பை முடித்தவர்களிடமும் இருபக்கமே எடுபட்டது. 1949இல் இது நூலாக வந்தது.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. மாற்றுக்கருத்து உள்ளவர் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. உள்ளுக்குள் பதில் பேசிக்கொண்டே இருக்கிறார். ‘அது சரி, கடற்படையை ஏன் சொல்லவில்லை?’ என்று அவர் மனதில் ஓடும் கேள்வியை நீங்கள் கடைசிவரை தொடாவிட்டால், ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே மறைக்கிறீர்கள் என்றுதான் அவர் முடிவு கட்டுவார்.

ஹாவ்லண்டோடு இருந்த ஆர்தர் லம்ஸ்டேனும் இர்விங் ஜானிஸும் இன்னொரு படி மேலே போனார்கள். சோவியத் ஒன்றியம் பெருமளவில் அணுகுண்டு தயாரிக்க ஐந்து ஆண்டாவது ஆகும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கருத்து. ஒரு குழுவுக்கு ஒருபக்க உரை, இன்னொன்றுக்கு இருபக்க உரை. ஒரு வாரம் கழித்து இரண்டு குழுவிலும் சிலருக்கு நேரெதிர் உரையைப் போட்டுக் காட்டினார்கள். அந்த எதிர்ப்பேச்சுக்குப் பிறகும் முதல் கருத்தின் பக்கம் எஞ்சிய நிகர மாற்றம் ஒருபக்கக் குழுவில் 2 விழுக்காடு, இருபக்கக் குழுவில் 61 விழுக்காடு. 1953இல் வெளியான இந்த எண்களைப் பாடநூல்கள் இன்றைக்கும் விடுவதில்லை. (ஆய்வு நடந்த சில மாதங்களில், 1949 ஆகஸ்டில், சோவியத் தன் முதல் அணுகுண்டை வெடித்துக் காட்டியது. நிலைத்து நிற்கும்படி நம்பவைத்துவிட்டால் அந்தக் கருத்து சரியாகிவிடாது என்பதையும் இந்த ஆய்வோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.)

வில்லியம் மக்வயர் இதற்கு 1961இல் ஒரு விளக்கம் தந்தார். அவர் எடுத்துக்கொண்டது யாரும் கேள்வி கேட்காத கருத்துகளை. ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பிறகும் பல் துலக்குவது நல்லது என்பது ஒன்று. இதை யாரும் மறுத்துக் கேட்டதே இல்லாததால், மறுப்பு வந்தால் பதிலும் கைவசம் இருக்காது. மக்வயர் சிலருக்கு அந்தக் கருத்தை ஆதரிக்கும் வாதங்களை மட்டும் தந்தார். வேறு சிலருக்கு அதைத் தாக்கும் ஓரிரு வாதங்களையும் அவற்றுக்கான பதில்களையும் தந்தார். பிறகு பலமாகத் தாக்கியபோது தாக்குப்பிடித்தவர்கள் இரண்டாவது வகையினர். தாக்குதல் முன்பு கேட்ட அதே வடிவில் வராமல் புது வடிவில் வந்தபோதும் அவர்கள் நின்றார்கள். பலவீனமாக்கிய கிருமியை உடம்பு முன்கூட்டியே பார்த்துவிடுவது போன்றது இது என்றார் மக்வயர். தடுப்பூசிக் கோட்பாடு என்ற பெயர் அப்படி வந்தது. வாட்ஸ்அப் வதந்திகளைச் சமாளிக்க இன்று நடக்கும் ஆய்வுகள் பலவும் இதன் வாரிசுகள்.

இதுவரை படித்தவர்களுக்கு ஓர் எண்ணம் வந்திருக்கும்: எதிர்த்தரப்பையும் சொல்லிவிட்டால் போதும். பள்ளிக் கட்டுரைகளில் இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். ஒரு பத்தி எதிர்க்கருத்துக்கு ஒதுக்கு, நடுநிலையாகத் தெரியும்.

போதாது. அதுமட்டுமில்லை, கெடுத்தும்விடும். டேனியல் ஒகீஃப் என்ற தொடர்பியல் ஆய்வாளர், அதுவரை நடந்த இருபக்க ஆய்வுகளைச் சேர்த்து அலசி 1999இல் வெளியிட்டார். மூன்று வகைகளை அவர் பிரித்தார். எதிர்வாதத்தைச் சொல்லாமலே விடுவது. சொல்லிவிட்டுப் பதில் தராமல் நகர்வது. சொல்லி, அதற்குப் பதிலும் தருவது. மூன்றாவது வகையே அதிகம் நம்பவைத்தது. கடைசி இடம், சொல்லிவிட்டுப் பதில் தராமல் நகர்ந்ததற்கு. அது பேசாமல் இருப்பதையும்விட மோசம். விளம்பரங்களில் மட்டும் கணக்குக் கொஞ்சம் மாறுகிறது. அங்கே தன் பொருளின் சிறு குறையை விற்பவரே ஒப்புக்கொண்டால் அவர்மேல் நம்பகம் கூடுகிறது, நட்டம் பெரிதாக இல்லை. கட்டுரை, மனு, மேடை ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவையெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கச் சிப்பாய்களையும் கல்லூரி மாணவர்களையும் வைத்து நடந்த ஆய்வுகள். அந்த முடிவுகளை அப்படியே மும்பையின் செம்பூருக்குக் கொண்டுவரத் தயங்குபவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒகீஃப் கணக்குப் போட்டுக் கண்டதைத் தமிழில் ஒரு நூல் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கட்டமைப்பாகக் கடைப்பிடித்திருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பாதிகள் கொண்டது. பரபக்கம், சுபக்கம். பிறர் பக்கம் முதலில், தன் பக்கம் பிறகு. பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கி பௌத்தர், சமணர், மீமாம்சகர், மாயாவாதிகள், பாஞ்சராத்திரிகள் என்று 14 தரப்புகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முதலில் அவர்களின் மதம், உடனே அடுத்து அதன் மறுதலை. எந்தத் தரப்பும் சொல்லப்பட்டு, பதில் பெறாமல் நிற்பதில்லை. அதேபோல் மறுதலை வருவதற்கு முன் எந்தத் தரப்பும் பாதியில் வெட்டப்படுவதும் இல்லை. சைவ சித்தாந்தத்தைப் படிக்க வருபவன் சைவத்தை எட்டுவதற்கு முன் பதினான்கு மாற்றுக் கொள்கைகளைக் கடந்து வர வேண்டும். தன் மாணவன் வழியிலேயே யாரோடாவது போய்விடுவான் என்று பயந்த ஆசிரியர் இப்படி நூல் அமைக்க மாட்டார்.

அதற்கும் முந்தைய நீலகேசி சமணக் காப்பியம். பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்குப் பதிலாக எழுந்தது. குண்டலகேசி பிறகு காணாமல் போயிற்று. சில பாடல்கள்தான் எஞ்சின. அந்த நூல் என்ன வாதிட்டது என்பதில் கணிசமான பகுதி இன்று நமக்குத் தெரிவதே, அதை மறுக்க வந்த நீலகேசியாலும் அதன் உரையாலும்தான். பவணந்தி முனிவர் நன்னூலில் நூலாசிரியர் கொள்ளத்தக்க எழுவகை மதங்களைச் சொல்லும்போது பட்டியலின் தலையில் உடன்படுதலை வைக்கிறார், மறுத்தல் அதற்கடுத்துத்தான் வருகிறது. பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின் களைவதும் அந்த ஏழில் ஒன்று.

நெருளுக்கு வருவோம். அந்த நீர்ப்பரப்பைக் காக்கச் சொல்லிப் பக்கத்து சொசைட்டிகளில் கையெழுத்து வாங்க ஒரு மனு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒகீஃபின் மூன்று வகையிலும் எழுதிப் பார்க்கலாம்.

முதல் வகை எளிது. பூநாரைகள் நம் ஊரின் பெருமை, நவம்பரில் வந்து மே வரை தங்குகின்றன, காலை நடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்து மகிழ்கிறார்கள், ஆகவே காப்போம். ஏற்கெனவே கேமராவோடு அலைபவர்கள் உடனே கையெழுத்துப் போடுவார்கள். ஹாவ்லண்டின் சிப்பாய்களில் முதல் வகையினர் அவர்கள்.

இரண்டாம் வகை நாகரிகமானது. நகரத்துக்கு வீடுகள் தேவை என்பது உண்மைதான், இந்த நீர் இயற்கையாக வந்ததா என்பதில் கருத்து வேறுபாடும் உண்டு, இருந்தாலும் பூநாரைகள் நம் பெருமை. இதைப் படிக்கும் மூன்றாவது மாடிக்காரருக்கு அதுவரை தோன்றாத இரண்டு சந்தேகங்களை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டீர்கள். பதிலைக் கொடுக்கவில்லை.

மூன்றாம் வகைக்குத்தான் உழைப்பு வேண்டும். ‘இது மனிதன் உண்டாக்கிய தேக்கம்’ என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பலர் இதைச் சிரித்து ஒதுக்குகிறார்கள். ஒதுக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளிலேயே அந்த வாதத்துக்கு வேர் இருக்கிறது. நெல்வயல், ஆற்றுப்படுகை ஆகியவற்றோடு, குடிநீருக்காகவோ மீன் வளர்ப்பு, உப்பு உற்பத்தி, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்காகவோ குறிப்பாகக் கட்டப்பட்ட அமைப்புகளையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து அந்த விதிகள் விலக்குகின்றன. ஆக, மனிதன் செய்ததா என்று கேட்பவர் வம்புக்குக் கேட்கவில்லை.

இதை ஒப்புக்கொண்ட பிறகு பதில் தெளிவாகக் கிடைக்கிறது. அதே வரையறையின் முதல் வரி, இயற்கையோ செயற்கையோ, நிலையானதோ தற்காலிகமானதோ, எல்லா நீர்நிலத்தையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. 1971ஆம் ஆண்டின் ராம்சர் உடன்படிக்கையும் அப்படியே. விலக்கு கிடைப்பது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று கட்டியவற்றுக்குத்தான். மனிதனின் கை பட்டதாலேயே விலக்கு வந்துவிடாது. இப்போது வழக்கு ‘யார் செய்தது’ என்பதை விட்டு ‘எதற்காகச் செய்தது’ என்பதற்கு நகர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு ஆவணங்களை எடுத்துப் பார்த்துப் பதில் சொல்ல முடியும். எதிர்வாதத்தைச் சிரித்து ஒதுக்கியிருந்தால் இந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டோம்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடச் சுவையானது. நெருளிலிருந்து கழிமுகத்தைத் தாண்டினால் உல்வே. அங்கே நவி மும்பை விமான நிலையம் வந்துவிட்டது. பெரிய பறவைகள் கூட்டமாகத் திரியும் இடத்தின் அருகே விமானம் இறங்குவது ஆபத்து. இது கற்பனைப் பயமில்லை. 2024 மே 20 இரவு காட்கோபர் பக்கம் ஒரு விமானம் பூநாரைக் கூட்டத்தில் மோதி, நாற்பதுக்கு அருகில் பறவைகள் செத்து விழுந்தன. விமானம் பத்திரமாக இறங்கியது. அடுத்த முறையும் அப்படி இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பறவைகளை ஈர்க்கும் குட்டைகளை மூடிவிடுவதே பொதுமக்களுக்குப் பாதுகாப்பு என்று ஒருவர் சொன்னால், ‘உங்களுக்கு இயற்கை மேல் அன்பில்லை’ என்பது அதற்குப் பதிலாகாது.

1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பதில் வேறு திசையிலிருந்து வந்தது. தாணே கழிமுகத்தின் சேற்றுப்படுகைகளில்தான் பூநாரைகள் இரை தேடுகின்றன. 2015இல் பூநாரைச் சரணாலயமாகவும் 2022இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி அது. அலை ஏறும்போது அந்தப் படுகைகள் முழுதும் மூழ்கிவிடுகின்றன. பறவைக்குக் கால் ஊன்ற ஆழமில்லாத நீர் வேண்டும். அதனால் நெருள் பக்கத்து நீர்ப்பரப்புகளில் வந்து நிற்கின்றன, அலை இறங்கியதும் திரும்புகின்றன. அந்த இடங்களை மூடினால் பறவைகள் மாயமாகிவிடாது, வேறு இடம் தேடி அலையும். அப்படி அலைவதில் விமான நிலையத்தின் பக்கமும் போகலாம். எனவே பயணிகளின் பாதுகாப்பை நினைத்தாலே இந்த நீர்ப்பரப்புகளை விட்டுவைக்க வேண்டும் என்று கழகம் எச்சரித்தது.

கவனியுங்கள், இங்கே பறவையின் அழகைப் பற்றி ஒரு சொல் இல்லை. எதிராளி எதை மதிக்கிறாரோ அதையே, அதாவது உயிர்ப்பாதுகாப்பை, தானும் மதிப்பாக ஏற்றுக்கொண்டு அங்கிருந்து நடந்து எதிர்முடிவை அடைகிறது வாதம். மேத்யூ ஃபைன்பெர்க், ராப் வில்லர் இருவரும் 2013இல் இதையே சோதித்தார்கள். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பேச்சென்றாலே முகம் சுளிக்கும் பழமைவாதிகளிடம், தீங்கு, பரிவு என்று பேசாமல் தூய்மை, அசுத்தம் என்று அவர்களுக்குப் பழகிய மதிப்பீடுகளில் பேசினார்கள். இணக்கம் கூடியது. நம் மதிப்பீடுகளைப் பிறர்மேல் சுமத்தியே பேசிப் பழகியவர்களுக்கு இது எளிதில் வராது.

இனி, எனக்கே சங்கடம் தரும் எதிர்வாதம். இதை அரசுத் தரப்பு சொல்வதில்லை, தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு வாழும் ஒருவர் சொல்லக்கூடியது. ‘பாம் பீச் ரோடு ஃபிளாட்டின் பால்கனியில் நின்று பறவை பார்ப்பதற்கு உங்களுக்கு இடம் வேண்டும். எங்களுக்குப் படுக்க இடம் வேண்டும். எது முதலில்?’

நெருளைப் பொறுத்தவரை இதற்கு ஒரு பதில் இருக்கிறது. டிஎஸ் சாணக்யா கடற்பயிற்சி நிலையத்தை ஒட்டிய ஈரநிலத்தில் வரவிருந்தது கோல்ஃப் மைதானமும் வசதி படைத்தோருக்கான குடியிருப்பும். 2018இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கோல்ஃப் மைதானத்தால் தாராவியில் யாருக்கும் படுக்க இடம் கிடைத்திருக்காது. ஆக, அந்த எதிர்வாதம் உண்மையானது, ஆனால் அந்தத் திட்டத்துக்குத் துணையாக வராது.

இந்தப் பதிலோடு திருப்திப்பட்டு உட்கார்ந்துவிட முடியவில்லை. தாராவி மறுசீரமைப்பில் தகுதி இல்லாதவர்களாகக் கணக்கிடப்படுவோருக்கு வாடகை வீடுகள் கட்ட முலுண்ட், பாண்டுப், காஞ்சுர்மார்க் பகுதி உப்பளங்களில் ஏறத்தாழ 256 ஏக்கரை மாநில அரசு கேட்டு, 2024இல் ஒன்றிய அரசும் சம்மதித்தது. அங்கே கோல்ஃப் மைதானப் பதில் செல்லாது. அங்கே உப்பளத்தைக் காக்க எழுதுபவர், அந்த மக்கள் வேறு எங்கே, தாராவியிலிருந்து எவ்வளவு தூரத்தில் குடியிருக்கலாம் என்பதையும் அதே கட்டுரையில் சொல்லியாக வேண்டும். சொல்லாத கட்டுரைகளையே அதிகம் பார்க்கிறேன்.

எதிர்த்தரப்பை நேர்மையாகச் சொல்வது ஏன் இவ்வளவு கடினம்? சோம்பல் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் 1979இல் காட்டினார்கள். மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்கள், எதிர்க்கும் 24 மாணவர்கள். எல்லோருக்கும் இரண்டே இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது, மற்றது இல்லை என்றது. இரண்டையும் படித்தவர்கள் நடுவை நோக்கி வந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். தன் கட்சிக்குச் சாதகமான ஆய்வு கச்சிதமாகத் தெரிந்தது, மற்றதில் ஓட்டை மேல் ஓட்டை தெரிந்தது. இரு குழுவும் முன்பைவிட உறுதியாகத் தத்தம் பக்கம் ஒதுங்கின.

அந்த மூவரில் லார்டும் லெப்பரும் 1984இல் இதற்கு மருந்து தேடினார்கள். ‘நடுநிலையோடு படியுங்கள்’ என்று சொல்லிப் பார்த்தார்கள், பலனில்லை. தான் நடுநிலைதான் என்று ஒவ்வொருவரும் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தார்கள். ‘இதே முறையில் நடந்த ஆய்வு எதிரான முடிவைத் தந்திருந்தால் இப்படியே மதிப்பிட்டிருப்பீர்களா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொன்னபோது சாய்வு குறைந்தது. வேறு எந்த அறிவுரையையும்விட இந்த ஒரு கேள்வியை நான் அதிகம் நம்புகிறேன்.

எதிர்வாதத்தைச் சொல்லிப் பதில் தரும் கலையின் உச்சத்தை மும்பையில் பார்க்க வேண்டுமானால் மாட்டுங்காவுக்கு அடுத்த தாதர் இந்து காலனிக்குப் போக வேண்டும். அம்பேத்கரின் இல்லமான ராஜகிருஹம் அங்கேதான் இருக்கிறது. லாகூரில் இயங்கிய ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்பு அமைப்பு 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்கு அவரைத் தலைமை தாங்க அழைத்து, எழுதி அனுப்பிய உரையைப் பார்த்துத் திகைத்து, மாநாட்டையே கைவிட்டது. அவர் உரையைச் சொந்தச் செலவில் நூலாக 1,500 படிகள் அச்சிட்டார். அந்த நூலில் சாதிக்கு ஆதரவாகப் படித்தவர்கள் சொல்லும் நியாயங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. அது வேலைப் பிரிவினை என்பவர்கள், இனத்தூய்மை என்பவர்கள், பொருளாதாரத்தைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்ற சோசலிஸ்டுகள், பிறப்பால் இல்லாமல் குணத்தால் நான்கு வருணம் என்ற ஆரிய சமாஜிகள். ஒவ்வொருவருக்கும் அவரவர் களத்திலேயே பதில்.

காந்தி அதே ஆண்டு ஜூலையில் ஹரிஜன் இதழில் நூலை விமர்சித்து எழுதினார். 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் செய்தது இன்றைக்கும் அபூர்வம். காந்தியின் கட்டுரைகளை, தனக்கு வசதியான வரிகளைப் பொறுக்காமல், நூலின் பின்னிணைப்பில் அப்படியே அச்சிட்டார். பிறகு தன் பதிலைச் சேர்த்தார். நாட்டின் மிகச் செல்வாக்குள்ள மனிதரின் மறுப்பைத் தன் செலவில் தன் வாசகனுக்குக் கொடுத்தார். தமிழில் பெரியாரின் முயற்சியால் ‘ஜாதியை ஒழிக்க வழி’ என்று வெளிவந்த நூல் இதுதான்.

காந்தி மனம் மாறினாரா என்று கேட்கலாம். அந்தப் பதிலைப் படித்து உடனே மாறிவிடவில்லை. ஆனால் அச்சில் நடக்கும் விவாதம் எதிராளியை மட்டும் குறிவைத்து நடப்பதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மூன்றாமவருக்காகவும் நடக்கிறது. மறுத்தால் எதிராளி இன்னும் முறுக்கிக்கொள்வார் என்ற பயமும் அளவுக்கு மீறியதுதான். 2010இல் வந்த ஓர் ஆய்வு அப்படி ஒரு பின்விளைவைக் காட்டிப் புகழ்பெற்றது. தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 52 விஷயங்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதைத் தேடி 2019இல் எழுதினார்கள். அவர்களுக்கு அது ஏறக்குறைய அகப்படவே இல்லை. சரியான தகவலைக் காட்டினால் பெரும்பாலோர் கொஞ்சமாவது அதன் பக்கம் நகர்கிறார்கள்.

பட்டிமன்றத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடித்தால் மும்பைத் தமிழர்கள் மன்னிக்க மாட்டார்கள். பொங்கல் விழாவில் பட்டிமன்றம் கேட்டு நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் அங்கே எதிரணி சொன்னதைத் திரித்துச் சொல்பவருக்குத்தான் கைதட்டல் அதிகம். நடுவரும் கடைசியில் இரண்டுமே வேண்டும் என்று சொல்லிப் போய்விடுகிறார். பொழுதுபோக்காக அது போகட்டும். மணிமேகலையில் புகாரின் இந்திர விழாவுக்கு முரசறைபவன், வாதம் செய்ய விரும்புவோரைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறான். பகைவரோடும் பூசல் வேண்டாம், விலகிப் போங்கள் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. அந்த மண்டபம் வேறு.

அனடோல் ராப்போபோர்ட் என்ற கணித உளவியலாளர் 1960இல் வெளியிட்ட நூலில், விவாதத்துக்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார். எதிராளியின் நிலைப்பாட்டை அவரே திருப்திப்படும்படி சொல்ல வேண்டும். அவர் கருத்து எந்தச் சூழலில் செல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுப்பு.

அடுத்த முறை உங்கள் சொசைட்டி மீட்டிங்கில் பார்க்கிங்கோ ரீடெவலப்மென்ட்டோ தெருநாய்க்குச் சோறு போடுவதோ சண்டையாகும்போது இதைச் செய்து பாருங்கள். நீங்கள் பேசுவதற்கு முந்தின நாள், எதிர்த்தரப்பின் வாதத்தை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பதில் ஒரு வரிகூட அதில் வேண்டாம். அதை அந்தத் தரப்பில் ஒருவரிடமே காட்டி, ‘அண்ணா, நீங்கள் சொல்வது இதுதானே?’ என்று கேளுங்கள். அவர் திருத்தினால் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு மறுபடி எழுதுங்கள். அவர் ‘இதேதான்’ என்று சொன்ன பிறகு உங்கள் பேச்சைத் தயார் செய்யுங்கள்.